கம்ப்யூட்டரில் ஒரு பிள்ளையார் சுழி

உ

புதுச்சத்திரம்,
9.2.2025

தீபிகாவுக்கு,

இது நலம் விசாரிக்கிற கடிதம் அல்ல. உன் நலத்தை உன் அம்மா தினமும் போனில் விசாரித்துவிட்டு, நான் கேட்காவிட்டாலும் என் காதில் விழும்படி சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறாள். அப்பா இறங்கி வந்து பேச ஆரம்பித்துவிட்டார் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் பேசவில்லை, எழுதுகிறேன். இரண்டும் வேறு.

விஷயம் கம்ப்யூட்டரைப் பற்றியது. நீ காலேஜ் படித்தபோது வாங்கிய அதேதான். நம் இரண்டு லாரிகளின் லோடுக்கும் இ-வே பில் போடுவது இப்போது அதில்தான். போன மாதம் அது ஒரேயடியாகப் படுத்துவிட்டது. நாமக்கல்லில் நதீம் கடைக்குக் கொண்டுபோனேன். உன் அம்மாவும் கூட வந்தாள். நான் டயர் கடைக்குப் போய் வருகிற வரைக்கும் அவள்தான் நதீம் கடையில் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். சரியாகித்தான் வீட்டுக்கு வந்தது.

நேற்றுக் காலையில் ஆன் செய்கிறேன், கீழே ஓரத்தில் என் பெயர் இருக்குமே, அதற்கடியில் புதிதாக இன்னொரு வட்டம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'உ' என்று ஒற்றை எழுத்து. பிள்ளையார் சுழியேதான். அதைத் தொட்டால் பாஸ்வேர்டு கேட்கிறது. இரண்டு லாரிகளின் நம்பரையும் போட்டுப் பார்த்தேன். விற்றுவிட்ட பழைய லாரியின் நம்பரையும் போட்டேன். முருகன் பெயர், குலசாமி பெயர், உன் பிறந்த நாள் எல்லாம் போட்டாயிற்று. திறக்க மாட்டேன் என்கிறது.

என் வீட்டுக்குள், என் மேஜை மேல், எனக்குத் தெரியாமல் ஒருத்தன் குடியிருக்கிறான். முட்டை லோடு எப்போது கிளம்புகிறது, எங்கே போகிறது என்று எல்லாம் அதில்தான் இருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பயந்த சுபாவம். நீயும் சொல்லாதே.

பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு மாற்றிக் கொடுப்பதுதான் பெங்களூரில் உன் வேலை என்று கேள்விப்பட்டேன். இன்ஜினியரிங் படித்துவிட்டு அதற்கா போக வேண்டும் என்று நான் இப்போது கேட்கவில்லை. அந்த வேலையை எனக்கும் கொஞ்சம் செய்துகொடு.

பெ. கண்ணுசாமி

---

பெங்களூர்,
16.2.2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உறையின் பின்பக்கம் உங்கள் லாரி ஆபீஸ் சீல் குத்தியிருந்ததைப் பார்த்து, யாரோ நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள் என்று எங்கள் வாட்ச்மேன் பயந்துவிட்டார். நீங்கள் பேசவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். நானும் பேசவில்லை. வேலையாகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸில் இப்படி யாராவது வந்தால் முதலில் ஒரு கேள்வி கேட்போம். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கணக்கை நீங்களே தெரியாமல் உருவாக்கிவிட்டு மறந்துபோனீர்களா? பாதிக்குப் பாதி அப்படித்தான் இருக்கும்.

நீங்கள் இல்லையென்றால், உங்கள் பெயரில் உள்ளே போங்கள். மஞ்சள் நிறத்தில் ஃபைல் படம் இருக்கும். அதைத் திறந்து சி டிரைவுக்குப் போய், அங்கே யூசர்ஸ் என்பதைத் திறங்கள். உங்கள் பெயரில் ஒன்றும், 'உ' என்று ஒன்றும் இருக்கும். உள்ளே போக அனுமதி கேட்கும், கன்டினியூ கொடுங்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் நீங்கள்தான், விடும். என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். எதையும் அழிக்க வேண்டாம்.

இவ்வளவுதான் வேலை விஷயம். மிச்சத்தை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஜெகதீஸ்வரன் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகப் போகிறேன் என்று அவரிடமே நேராகச் சொன்னது உங்களுக்கு அவமானமாகிவிட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது பஜ்ஜியை எடுத்துக்கொண்டு, நல்ல கம்பெனிங்களா என்று கேட்டார். நீங்கள்தான் அவர்கள் போன பிறகு, "இனி உன்ற வாசலுக்கு என்ற வண்டி வராது" என்றீர்கள். நானும் ஆத்திரத்தில், "நான் இருக்கற எடத்த நீங்க வந்து பாக்காம நானும் இந்த ஊட்டுக்கு வாரதில்லீங்க" என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கும் வீம்பு, எனக்கும் வீம்பு. நடுவில் அம்மா என்ன செய்தார்? பஸ்ஸில் ஏறினால் ஆண்டகளூர் கேட் தாண்டுவதற்குள் வாந்தி. ரயிலும் ஆகாது. நம் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தால்தான் அம்மாவால் ஊர் போய்ச் சேர முடியும். அந்தக் காரை நீங்கள் எடுக்க மாட்டீர்கள். போன ஆடியிலிருந்து நான் அம்மாவைப் பார்க்கவில்லை. வீடியோவில் கூப்பிட்டால் நெற்றி மட்டும்தான் தெரிகிறது.

தீபிகா

---

உ

புதுச்சத்திரம்,
23.2.2025

தீபிகாவுக்கு,

கடிதத்துக்குச் சுழி போடுகிற பழக்கம்கூடப் பெங்களூர் போனதும் போய்விட்டது போல. இருக்கட்டும்.

நான் உருவாக்கவில்லை. முப்பது வருஷம் நாலு ஸ்டேட்டில் வண்டி ஓட்டியவன், எதைத் தொட்டோம் என்று தெரியாதவன் அல்ல.

நீ சொன்னபடி உள்ளே போய்ப் பார்த்தேன். படங்கள் இருந்தன. என்ன படம் என்று நினைக்கிறாய்? ரோடு போர்டுகள். முக்கோணத்துக்குள் வளைவு, குறுகிய பாலம், முன்னால் பள்ளிக்கூடம், ஆரன் அடிக்காதே என்று வரிசையாக. எனக்கு ஒன்று மட்டும் விளங்கிவிட்டது. வந்திருப்பவன் எல்.எல்.ஆர் எடுக்கப் படிக்கிறவன். டிரைவர் கருப்பண்ணன்தான் தன் மச்சானைக் கூட்டிவந்து நம் கம்ப்யூட்டரில் படிக்கவைக்கிறான் என்று பட்டது. கேட்டேன். அவனுக்கு மச்சானே இல்லையாம். ஏழு வருஷமாக என்னிடம் வேலை செய்கிறவன், அது எனக்குத் தெரியவில்லையே என்று அவனுக்கு வருத்தம். இரண்டு நாள் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

பிறகு நதீம் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அந்தப் பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, எங்க கடையில பிள்ளையார் சுழி போடறதுக்கு ஆள் ஏதுங்க?" என்றான். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது.

இன்னொன்றும் கேள். முந்தாநாள் காரை எடுத்தேன். ஷெட்டிலேயே நிற்கிற வண்டி. உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டீரிங்கில் இடிக்கிறது. சீட்டை யாரோ முன்னால் தள்ளியிருக்கிறார்கள். கண்ணாடியும் கீழ்நோக்கித் திரும்பியிருக்கிறது. ஆக, ஆசாமி குள்ளம். கம்ப்யூட்டரில் படிக்கிறான், என் காரில் உட்கார்ந்து பழகுகிறான். இவ்வளவு தைரியசாலியை நான் பார்த்ததில்லை.

உன் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு இப்போது பக்தி முற்றிப்போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் விடியக்காலையில் முதல் பஸ் பிடித்து நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்க்கப் போகிறாள். பஸ்ஸில் வாந்தி வராதா என்றேன். அரை மணி நேரம்தானே, மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன் என்கிறாள். மகள் பிரிந்து போன துக்கம் ஒருத்தியை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று யோசித்துக்கொள்.

பெ. கண்ணுசாமி

---

உ

பெங்களூர்,
2.3.2025

அப்பாவுக்கு,

சுழி போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை ஆபீஸ் கேன்டீனில் படித்துச் சிரித்ததில் சாம்பார் புரையேறிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் முதுகில் தட்டினார்கள். ஏன் சிரித்தேன் என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள்.

விசாரணை முடிந்துவிட்டது அப்பா. அந்தக் கணக்கு யாருடையது என்று எனக்குத் தெரியும். நேற்று இரண்டு பக்கமும் பேசி உறுதி செய்துகொண்டேன். ஆனால் ஒரு யூசரின் விவரத்தை இன்னொரு யூசரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் விதி. மேனேஜரே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டோம். நீங்கள் கேலி செய்கிற இந்த வேலையில் அப்படிச் சில ஒழுங்குகள் இருக்கின்றன.

மூன்று விஷயம் மட்டும் சொல்லலாம். ஆசாமி திருடன் இல்லை. உங்கள் லோடுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அந்தக் கணக்கை நீங்கள் அழித்தால் நான் உங்களை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன். கருப்பண்ணன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சமாதானமாகப் பேசிவிடுங்கள். சித்திரை பிறக்கும்வரை பொறுங்கள். அதற்குள் தானாகவே தெரிந்துவிடும்.

காரின் சீட்டைத் திரும்பப் பின்னால் தள்ளாமல் அப்படியே விட முடியுமா?

தீபிகா

---

உ

புதுச்சத்திரம்,
14.3.2025

தீபிகாவுக்கு,

விதியாம். பெற்ற அப்பனுக்கே விதி சொல்கிறாய். உன்னிடம் கேட்பதற்குப் பதில் நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்று இறங்கினேன்.

கீபோர்டின் மேல் லேசாகத் திருநீற்றைத் தூவி வைத்தேன். தொடுகிறவன் விரலில் ஒட்டும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று கணக்கு. சாயங்காலம் வந்து பார்த்தால் கீபோர்டு துடைத்து விட்டதுபோல் இருக்கிறது. வீட்டில் இருந்தவள் உன் அம்மா மட்டும்தான். அவள் கையைப் பார்த்தேன். அவள் விரலில் திருநீறு இல்லாத நாள் எது? தினமும் விளக்கேற்றிப் பூசிக்கொள்கிறவள். அதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியவில்லை. வந்தவன் பின்வாசல் வழியாக வந்து போயிருக்கிறான்.

கருப்பண்ணனோடு சமாதானம் ஆகிவிட்டது. சேந்தமங்கலத்தில் அவனுக்கு ஒரு மச்சினிச்சி இருக்கிறாளாம். மச்சான்தான் இல்லை. தெரிந்துகொண்டேன்.

காரின் சீட்டை நீ சொன்னதற்காக அப்படியே விட்டிருக்கிறேன் என்று நினைக்காதே. எனக்கு முதுகுவலி, குனிய முடியவில்லை.

வேறொன்று. நேற்று இராத்திரி சாப்பிடும்போது உன் அம்மா திடீரென்று, "ஏனுங்க, ஏத்தத்துல வண்டிய நிறுத்திட்டு மறுக்கா எடுக்கறப்போ, பின்னால போவாம எப்படிங்க எடுக்கறது?" என்று கேட்டாள். டிவியில் ஏதோ பார்த்தாளாம். எனக்குக் கை காய்ந்துபோனது தெரியவில்லை. தட்டைச் சாய்த்துவைத்து, அதன்மேல் டம்ளரை வண்டியாக நிறுத்தி, கிளட்சை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும், வண்டி எப்படி லேசாக முனகும், அந்த முனகல் கேட்டதும் பிரேக்கை எப்படி விட வேண்டும் என்று எல்லாம் காட்டினேன். அவள் இன்னொரு தரம் காட்டச் சொன்னாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் என் தொழிலைப் பற்றி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. யாராவது கேட்டால்தானே சொல்ல முடியும். இராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

கண்ணுசாமி

---

உ

பெங்களூர்,
20.3.2025

அன்புள்ள அப்பா,

நீங்கள் டம்ளரை ஓட்டிக் காட்டியதை அம்மாவும் சொன்னார். உங்களை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து நாளாயிற்று என்றார். ரசம் கொட்டியதை நீங்கள் எழுதவில்லை, அவர் சொல்லிவிட்டார்.

விதியை மீறாமல் ஒரே ஒரு துப்பு தருகிறேன். அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவர் நீங்கள்.

தீபிகா

---

உ

புதுச்சத்திரம்,
11.4.2025

தீபிகா,

உன் துப்பைப் படித்தேன். மூன்று தரம் படித்தேன். இவள் என்னைக் கேலி செய்கிறாள் என்று மடித்து வைத்துவிட்டேன். கண்ணுக்கு முன்னால் இருந்தது எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை நம் லாரி ஒன்றுக்கு எஃப்.சி தகுதிச் சான்று எடுக்க நாமக்கல் ஆர்.டி.ஓ ஆபீஸுக்குப் போயிருந்தேன். லாரியைக் கருப்பண்ணன் ஓட்டிவந்தான், நான் காரில் போனேன். வண்டி வரிசையில் நின்றது. வெயிலுக்கு வேப்பமரத்தடியில் ஒதுங்கினேன். எதிரே லைசென்ஸ் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. காலேஜ் பிள்ளைகள் ஓட்டுவதையும் கட்டையில் இடிப்பதையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். "கோகிலவாணி, கணவர் பெயர் கண்ணுசாமி" என்று கூப்பிட்டார்கள். அந்தக் கண்ணுசாமி யாரென்று நானும் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

உன் அம்மா வந்து டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஏறினாள். அந்த மாம்பழ நிறச் சேலைதான், கோவிலுக்குக் கட்டிக்கொண்டு போகிறது. சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைக் கீழே திருப்பினாள். அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன், அவள் பதறிவிடுவாள் என்று மூடிக்கொண்டேன்.

ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார் இன்ஸ்பெக்டர். நிறுத்தினாள். திரும்ப எடுக்க வேண்டும். நான் மரத்தடியில் நின்றபடி வலதுகாலை மண்ணில் அழுத்திக்கொண்டிருந்தேன். வண்டி முனகியது. ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை, மேலே ஏறியது. பிறகு கட்டைகளுக்கு நடுவே பின்னால் எடுத்தாள். ஒரு கட்டை விழவில்லை. பக்கத்தில் நின்றவர், அந்தம்மா நல்லா ஓட்டுறாங்க என்றார். என் சம்சாரம்தான் என்று சொல்லாமல், ஆமாங்க என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

இறங்கியவள் என்னைப் பார்த்துவிட்டாள். பயப்படுவாள் என்றுதான் நினைத்தேன். சந்தையில் எதிர்ப்பட்ட மாதிரி, "எஃப்.சி ஆயிருச்சுங்களா?" என்று கேட்டாள். பிறகு கையை நீட்டினாள். "காரு சாவியக் குடுங்க. ஊட்டுக்கு நான் ஓட்டறேன்."

லைசென்ஸ் கைக்கு வராமல் எப்படி ஓட்டுவாய் என்றேன். கைப்பையைத் திறந்து எல் ஸ்டிக்கரை எடுத்தாள். "லைசென்ஸ் வச்சிருக்கறவங்க பக்கத்துல உக்காந்தாப் போதுமுங்க. பொஸ்தகத்துல போட்டிருக்குது. நீங்க உக்காருங்க." உட்கார்ந்தேன். வேறு வழி இருந்ததா, சொல்.

எனக்குக் கோபம் இருக்கிறது. ஓட்டக் கற்றுக்கொண்டதற்கு அல்ல. முப்பது வருஷம் ஸ்டீரிங் பிடித்தவன் வீட்டில் இருக்கும்போது, எவனோ டிரைவிங் ஸ்கூல்காரனிடம் போய்க் கற்றுக்கொண்டாளே, அதற்குத்தான். ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன். "கேட்டா, எங்க போறதுக்குன்னு கேப்பீங்க. பெங்களூருக்குன்னு சொன்னா, எறங்குன்னு சொல்லுவீங்க" என்றாள். வழியெல்லாம் மூன்றாவது கியரிலேயே வந்தாள், நான்காவதைப் போடு என்றுகூட நான் சொல்லவில்லை.

லைசென்ஸ் தபாலில் வந்ததும் மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்கக் கிளம்புகிறாளாம். தனியாகவேனும் போவாளாம். நீங்களும் வருவதானால் வாருங்கள், டிபன் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டுகிறேன் என்றாள். நான் வருவேனென்று நீ எதிர்பார்க்க வேண்டாம். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறது.

அப்பா

---

உ

பெங்களூர்,
16.4.2025

அன்புள்ள அப்பா,

இனி விதி என் வாயைக் கட்டாது. எல்லாவற்றையும் சொல்கிறேன்.

நதீம் கடையில் காவலுக்கு உட்கார்ந்திருந்த அன்றுதான் அம்மா அவரிடம் கேட்டிருக்கிறார், ஒரே கம்ப்யூட்டரில் எனக்கென்று தனியாக ஓர் அறை கிடைக்குமா தம்பி என்று. நதீம் வழியைச் சொல்லிக் கொடுத்தார். நீங்கள் கடையில் சத்தம் போட்டபோதே அந்தக் கணக்கு யாருடையது என்று அவருக்குத் தெரியும். அவரும் விதி தெரிந்தவர்தான்.

வீட்டுக்கு வந்து அம்மா தானே செய்து பார்த்தார். முதல் பெட்டி வந்தது. எதை எழுத ஆரம்பித்தாலும் நாம் என்ன செய்வோம்? மேலே சுழி போட்டுவிட்டு, அடுத்த வரியில் பெயரை எழுதுவோம். அம்மாவும் அப்படியே செய்தார். முதல் பெட்டியில் சுழி. அடுத்த பெட்டியில் தன் பெயரை இங்கிலீஷில் அடித்தார். எழுத்து தெரியாமல் புள்ளிபுள்ளியாக விழுந்ததாம். கோலத்துக்கு வைக்கிறதுபோல இருக்கிறதே என்று நினைத்தாராம். அதற்குக் கீழே இன்னொரு பெட்டி மறுபடியும் கேட்டது. சரியாகக் கண்ணில் படவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தரம் அடித்தார். பிறகு, உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன என்று கேட்டதாம். லட்சுமி, எருமை என்று பதில் கொடுத்திருக்கிறார்.

ஆக, அவர் பெயர் எழுதிய இடம் பாஸ்வேர்டு பெட்டி. கோகிலவாணி என்பதுதான் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு.

நீங்கள் லாரி நம்பர்களைப் போட்டுப் பார்த்தீர்கள். விற்ற லாரியின் நம்பரைக்கூடப் போட்டீர்கள். முருகன், குலசாமி, என் பிறந்த நாள், எல்லாம் போட்டீர்கள். அம்மா பெயரைப் போட்டுப் பார்க்க உங்களுக்குத் தோன்றவில்லை. குற்றம் சொல்ல எழுதவில்லை அப்பா. எனக்கும் தோன்றியிருக்காது. அம்மா இதைச் சொன்ன அன்று இராத்திரி அதை நினைத்துத்தான் அழுதேன்.

எனக்கு உங்களையும் பார்க்க வேண்டும். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. என் வாசலுக்கு உங்கள் வண்டி வராது என்றுதானே சொன்னீர்கள்? வரட்டும், அது அம்மா ஓட்டுகிற வண்டி. நீங்கள் சும்மா உட்கார்ந்து வருகிறவர். சொல்லுக்கு ஒரு குறையும் வராது. இந்தச் சமாதானம் பிடிக்கவில்லை என்றால், சொல்லை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம். தொப்பூர் மலை இறக்கத்தில் அம்மாவைத் தனியாக விட உங்களுக்கு மனசு வருமா?

உங்களுக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு வைக்கப் பழகிக்கொண்டேன்.

தீபிகா

---

உ

புதுச்சத்திரம்,
6.5.2025

கண்ணு தீபிகாவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். உன் அம்மா போனில் சொல்லியிருப்பாள். ஆனாலும் நான் எழுத வேண்டியது பாக்கி இருக்கிறது. உன் அறையில் உட்கார்ந்திருந்த அவ்வளவு நேரமும் தண்ணி லாரியைப் பற்றியும், உன் கதவுத் தாழ்ப்பாள் சரியில்லாததைப் பற்றியும்தான் பேசினேன். பேச வந்தது அதை அல்ல. எனக்கு எழுத்துதான் வருகிறது என்று இப்போது தெரிகிறது.

போகும்போது கிருஷ்ணகிரி வரைக்கும் என் கால் சும்மா இருக்கவில்லை. என் பக்கம் பிரேக்கே இல்லை, ஆனாலும் மிதித்துக்கொண்டே வந்தேன். ஓசூர் தாண்டியதும் நாலு பக்கமும் வண்டி நெருக்கியது. இடதுபக்கம் பார், வலதுபக்கம் பார் என்று நான் சொல்லச் சொல்ல, உன் அம்மா ஓரமாக நிறுத்தினாள். "இன்னொரு வார்த்தை பேசுனீங்கன்னா நீங்க பஸ்ஸுல வாங்க" என்றாள். அதன்பிறகு உன் தெரு வரும்வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு ஒரு தரம்கூட வாந்தி வரவில்லை. ஓட்டுகிறவர்களுக்கு வராது. அது எனக்கு எப்போதோ தெரியும், அவளுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றவில்லை.

நீ கதவைத் திறந்ததும் அவள் உன் முகத்தை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே நின்றாள். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் வெளியே நின்றேன். செருப்புக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது என்று உனக்கும் தெரிந்திருக்கும்.

மத்தியானம் உனக்கு ஒரு போன் வந்தது. கணக்கு பூட்டிக்கொண்டது, சாயங்காலத்துக்குள் ஏதோ அனுப்பாவிட்டால் வேலை போய்விடும் என்று ஒருத்தன் அழாத குறையாகப் பேசினான். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், முடியாது என்று நீ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனை அதட்டவும் இல்லை. ஒவ்வொரு படியாகச் சொல்லி, திறந்துகொடுத்து, அவன் சிரிக்கிற வரைக்கும் போனை வைக்கவில்லை. எவனோ ஒருத்தன், முகம் தெரியாதவன். நடுரோட்டில் நின்றுபோன வண்டிக்கு இறங்கி உதவுகிற டிரைவரைத்தான் நாங்கள் டிரைவர் என்று சொல்வோம். நீ பார்ப்பது நல்ல வேலை. நான் சொன்னது தப்பு. லாரி ஆபீஸில் நேற்று ஒருவருக்கு பாஸ்வேர்டு மறந்துபோயிற்று. என் பொண்ணைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

கொள்ளுப் பருப்பில் உப்பு கொஞ்சம் கூட. மற்றபடி நன்றாக இருந்தது. ஆனி மாதம் நீ வீட்டுக்கு வரும்போது கோகிலா வைத்துக் காட்டுவாள்.

திரும்பி வந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். தொப்பூர் இறக்கம் எனக்குப் பழக்கப்பட்ட இடம். அங்கே கவிழ்ந்து கிடந்த வண்டிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். நான் ஓட்டினாலும் சரி, கருப்பண்ணன் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்தாலும் சரி, தர்மபுரியில் முகத்தைக் கழுவிக்கொண்டுதான் இறங்குவோம். இன்னொருத்தர் ஓட்டுகிற வண்டியில் நான் கண்ணை மூடியதே இல்லை. பஸ்ஸில்கூடத் தூங்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தர்மபுரி தாண்டியதும் கோகிலா, "கண்ண மூடறதுன்னா மூடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் சிரித்தேன். அவள் இரண்டாவது கியரைப் போட்டு, முன்னால் போன டேங்கருக்கு இடம்விட்டு இறங்க ஆரம்பித்ததைப் பார்த்தேன். அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது.

முழித்தபோது வண்டி நம் வீட்டு வாசலில் நின்றிருந்தது. என்ஜின் ஓடவில்லை. அவள் ஸ்டீரிங்கில் கை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்து நேரமாயிற்றா என்று கேட்டேன். "இல்லீங்க, இப்பத்தான் வந்தோம்" என்றாள்.

இறங்கிப் போகும்போது பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாக ஆறிப்போயிருந்தது.

உன் அப்பா